கைப்பிடிச்சுவர் இல்லாத மாடி

தியானப் பகுதி: உபாகமம் 22:8, 2 சாமுவேல் 23:13-17



புதுவீட்டுப் பிரதிஷ்டைக்கு அழைக்கப்படும்போது போதகர்களாகிய நாங்கள் வழக்கமாக வாசிக்கும் வேதபகுதிகள் சில உண்டு. 127ஆம் சங்கீதம், யோசுவா தன் வீட்டாரைக் குறித்துச் செய்த அறிக்கை, கன்மலையின்மேல் கட்டப்பட்ட வீட்டின் உவமை ஆகியவை அவை. ஆனால் வீடு கட்டுகிறவனுக்கென்றே கொடுக்கப்பட்ட ஒரு கட்டளையை நான் எந்தப் பிரதிஷ்டையிலும் வாசித்ததில்லை. பிறர் வாசிக்கக் கேட்டதுமில்லை. புதிய வீட்டைக் கட்டுகிறவன் அதன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்பவேண்டும். எழுப்பாமல் விட்டு எவனாவது அங்கிருந்து விழுந்தால் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் சுமரும் என்பதே அக்கட்டளை.

இதைச் சற்று நிதானித்துக் கவனியுங்கள். அக்காலத்து வீடுகளின் மாடி தட்டையானது. ராகாப் சணல்தட்டைகளை அடுக்கிவைத்தது மாடியில். பேதுரு ஜெபிக்க ஏறியதும் மாடியில். வேலைக்காரரும் விருந்தினரும் நாள்தோறும் ஏறி இறங்கும் இடம் அது. விழுந்தவன் கவனமாக நடந்தானா இல்லையா என்று கட்டளை விசாரிக்கவில்லை. ஏறுகிறவனைப் பார்த்து "ஜாக்கிரதையாயிரு" என்றும் சொல்லவில்லை. அது வீட்டுக்காரனை நோக்கியே பேசுகிறது. ஆபத்துள்ள இடத்திற்கு ஒருவனை ஏறச்செய்கிறவன், அவன் ஏறுவதற்கு முன்பே சுவரைக் கட்டியிருக்கவேண்டும்.

இக்கட்டளை என் உள்ளத்தைக் குத்தியது ஒரு பிரதிஷ்டையில் அல்ல. ஒரு தெருவில் நின்றபோது.

2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் எங்கள் சபையைச் சேர்ந்த செவிலியர் ஒருவர் இரவில் தொலைபேசியில் அழைத்தார். அவர் பணிபுரிந்த மருத்துவமனையின் பெயர் இங்கே வேண்டாம். "ஐயா, ஜெபம்பண்ணிக்கொள்ளுங்கள். நாளையிலிருந்து கொரோனா வார்டில் டியூட்டி" என்றார். நான் நெடுநேரம் ஜெபித்தேன். கர்த்தர் அவருக்குக் கேடயமாக இருக்கவேண்டும் என்று உருக்கமாக வேண்டிக்கொண்டேன். ஆமென் சொல்லியபின் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஐயா, உங்களுக்குத் தெரிந்த யாரிடமாவது என்95 மாஸ்க் கிடைக்குமா? எனக்கு ஒன்று கொடுத்தார்கள். எட்டு நாளாக அதையேதான் போடுகிறேன். நாடா அறுந்துவிட்டது; தைத்துப் போட்டிருக்கிறேன்."

பிரியமானவர்களே, அந்த நேரத்தில் என் அலமாரியில் இருபது என்95 முகக்கவசங்கள் அடங்கிய பெட்டி ஒன்று இருந்தது. மார்ச் மாதத் தொடக்கத்தில், அச்சத்தினால், சொன்ன விலையைக் கொடுத்து நான் வாங்கியது. அதில் ஒன்றை அணிந்துகொண்டு காய்கறி வாங்கப் போயிருந்தேன். கேடயம் வேண்டி ஜெபித்தவனின் அலமாரியிலேயே கேடயம் இருந்தது.

மறுநாள் காலையில் அந்தப் பெட்டியை அவர் வீட்டில் கொடுத்தேன். ஐந்தாம் நாள் அவருக்குக் காய்ச்சல் கண்டது. ஆண்டவரின் கிருபையால் சிகிச்சை பெற்றுத் தேறி வீடு திரும்பினார். ஆயினும் பதினான்கு நாள் மாடியறையில் தனித்திருக்க வேண்டியதாயிற்று. விசாரிக்கச் சென்ற நான் தெருவில் நின்றேன். அவர் மேலே கைப்பிடிச்சுவரைப் பற்றிக்கொண்டு நின்று பேசினார். கீழே முற்றத்தில் அவருடைய இரண்டு பிள்ளைகளும் தலையை நிமிர்த்தித் தாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்த மூச்சில் கிருமி அவரைத் தொற்றியது என்று எவராலும் சொல்ல இயலாது. ஆனால் சுவரில்லாத மாடியில் அவரை நிறுத்தியிருந்தோம் என்பது நிச்சயம். "இருந்தோம்" என்று என்னையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இப்போது ஏன் இதை எழுதுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். பெருந்தொற்று கடந்துபோயிற்று, அலமாரிகளில் எஞ்சிய முகக்கவசங்கள் நிறம் மங்கிக் கிடக்கின்றன. ஆனால் காய்ச்சல் காலம் கடந்துபோகவில்லை. மேற்கே சாரல் விழும் ஆனி, ஆடியிலும், கிழக்கே மழை கொட்டும் ஐப்பசி, கார்த்திகையிலும் நம் தாமிரபரணிக் கரை ஊர்களில் காய்ச்சல் வருகிறது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அம்பாசமுத்திரத்திலிருந்தும் தென்காசியிலிருந்தும் நாங்குநேரியிலிருந்தும் மக்கள் வந்து சேருகிறார்கள். மூச்சுத் திணறி வருகிறவருக்கு முதலாவது அருகே செல்கிறவர் செவிலியர்.

முகக்கவசத்தின் வேலையைச் சற்று அறிந்துகொள்வது நல்லது. நாம் கடைகளில் வாங்கும் மூன்றடுக்கு அறுவைசிகிச்சை முகக்கவசம், முக்கியமாக அணிகிறவரின் எச்சில் துளி பிறர்மேல் படாமல் தடுக்கிறது. எதிரிலிருந்து வரும் பெரிய துளிகளையும் ஓரளவு தடுக்கிறது. அது முகத்தோடு ஒட்டிப் பொருந்துவதில்லை. என்95 என்பது முகத்தோடு இறுகப் பொருந்தி, மிக நுண்ணிய 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டைத் தடுத்து நிறுத்தும் சுவாசக்கவசம். சல்லடைபோல மட்டும் அது வேலை செய்வதில்லை. அதன் இழைகளில் ஏற்றப்பட்டிருக்கும் மின்னூட்டம் துகள்களை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. ஆகவேதான் அதைச் சோப்புப் போட்டுத் துவைத்து மீண்டும் அணியலாகாது. நாடா தளர்ந்து, கன்னத்தோரம் இடைவெளி விழுந்துவிட்டால், பெயர் என்95 ஆக இருக்கும்; காவல் இருக்காது. நோயாளியின் சுவாசக்குழாயில் குழாய் செலுத்தும்போதும், சளியை உறிஞ்சி எடுக்கும்போதும் நுண்துளிகள் காற்றில் பரவுகின்றன. அந்த வேளையில் செவிலியருக்கு வேண்டியது என்95தான்.

இந்தப் பாடம் புதிதல்ல. 1910ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவி, ஏறத்தாழ 60,000 பேரைக் கொன்றது. பினாங்கில் பிறந்த வூ லியன்-தே என்னும் மருத்துவர் அந்நோய் மூச்சுக்காற்றின் வழியாகப் பரவுகிறது என்று கண்டு, பஞ்சையும் மெல்லிய துணியையும் அடுக்கி முகக்கவசம் செய்து, மருத்துவப் பணியாளர் அனைவரும் அணியவேண்டும் என்றார். மெனி என்ற பிரெஞ்சு மருத்துவர் அதை ஏற்காமல் முகத்தை மூடாது நோயாளிகளிடம் சென்றார். சில நாட்களில் அதே நோயால் மாண்டார். நோயாளியின் மூச்சுக்கும் பணியாளரின் மூச்சுக்கும் இடையே ஒரு சுவர் வேண்டும் என்பது நூறாண்டுகளுக்கு மேலாக உலகம் அறிந்த உண்மை.

அறிந்தும் நாம் என்ன செய்தோம்? 2009ஆம் ஆண்டு ஜூன் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் பன்றிக்காய்ச்சலைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. ஆகஸ்டு மாதம் புனேயில் நாட்டின் முதல் மரணம் நிகழ்ந்தபோது, அந்நகரத்தின் மருந்துக்கடைகளில் முகக்கவசம் தீர்ந்துபோயிற்று. கிடைத்த இடத்தில் விலை பலமடங்காயிற்று. 2015ஆம் ஆண்டில் அதே காய்ச்சல் திரும்பி வந்து, நாடு முழுவதும் 42,000க்கும் மேற்பட்டோரைத் தாக்கி, ஏறத்தாழ 3,000 பேரைக் கொண்டுபோயிற்று. இவை இரண்டும் எச்சரிப்புகள். ஆயினும் 2020 வந்தபோது களஞ்சியங்கள் வெறுமையாயிருந்தன. அவ்வாண்டு மார்ச் 3 அன்று உலக சுகாதார நிறுவனம், மாதந்தோறும் 8 கோடியே 90 லட்சம் மருத்துவ முகக்கவசங்கள் தேவைப்படும் என்றும், என்95 வகையின் விலை மூன்று மடங்காகிவிட்டது என்றும் தெரிவித்தது. மார்ச் 13 அன்று நம் மத்திய அரசு முகக்கவசத்தை அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின்கீழ் கொண்டுவந்தது. உலகின் முகக்கவசங்களில் ஏறத்தாழ பாதியைச் செய்துவந்த சீனாவே அப்போது நோயில் விழுந்திருந்தது. எல்லா நாடுகளும் ஒரே வாரத்தில் ஒரே கடையின் வாசலில் போய் நின்றால் யாருக்குக் கிடைக்கும்?

பின்னர் நம்மவர்கள் மடிந்திருக்கவில்லை. திருப்பூரின் தையல் இயந்திரங்கள் பனியனை விட்டுக் காப்புடை தைத்தன. கோயம்புத்தூரின் ஜவுளி ஆராய்ச்சி நிலையம் அத்துணிகளைச் சோதித்துச் சான்று வழங்கியது. சில மாதங்களில் பற்றாக்குறை நீங்கிற்று. அதற்காக ஆண்டவரைத் துதிக்கிறோம். ஆனால் தொழிற்சாலைக்குச் சில மாதங்கள் ஆகலாம். அன்றிரவு டியூட்டிக்குச் செல்கிற செவிலியருக்குச் சில மாதங்கள் இல்லை. விழுந்தபின் எழுப்பும் சுவர், விழுந்தவருக்கு உதவாது.

இங்கே நாம் அதிகமாய்ப் புகழ்கிற ஒரு வார்த்தையைச் சோதித்துப் பார்க்கவேண்டும். அது "தியாகம்" என்னும் வார்த்தை.

2020ஆம் ஆண்டு மார்ச் 22 அன்று மாலை ஐந்து மணிக்கு நாடெங்கும் மக்கள் வாசலில் நின்று கைதட்டினார்கள். எங்கள் ஆலயத்திலும் மணி ஒலித்தது. அது தவறல்ல, நன்றி சொல்வது நல்லது. ஆனால் தாவீதின் வாழ்க்கையில் நடந்த ஒன்றை அப்போது நான் நினைக்கவில்லை. தாவீது அரணான இடத்தில் இருந்தபோது, பெத்லகேமின் கிணற்றுத் தண்ணீர்மேல் ஆசைப்பட்டு வாய்விட்டுச் சொன்னான். மூன்று வீரர்கள் பெலிஸ்தரின் பாளயத்தின் நடுவே துணிந்து புகுந்து அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். தாவீது அதைக் குடிக்கவில்லை. தங்கள் பிராணனைப் பொருட்படுத்தாமல் போன மனிதரின் இரத்தமாக அது அவனுக்குத் தோன்றிற்று. கர்த்தருக்கென்று அதை ஊற்றிப்போட்டான். வீரரின் துணிவை மெச்சி, ருசித்துக் குடித்திருக்கலாம். அவனோ தன் பெருமூச்சின் விலையைக் கண்டு வெட்கப்பட்டான்.

அந்த அதிகாரம் அத்துடன் முடிவதில்லை. தாவீதின் பராக்கிரமசாலிகளின் பெயர்கள் அதில் ஒவ்வொன்றாக எழுதப்பட்டிருக்கின்றன. கடைசிப் பெயர் யாருடையது தெரியுமா? ஏத்தியனாகிய உரியா. மும்முரமாய் யுத்தம் நடக்கும் இடத்தில் முன்னே நிறுத்தி, பின்னே நிற்பவர்கள் விலகிக்கொள்ளும்படி தாவீது கடிதம் எழுதியனுப்பிய அதே உரியா. மூவரின் உயிருக்காகத் தண்ணீரை ஊற்றிய அதே கரம்தான் அந்தக் கடிதத்தையும் எழுதிற்று. நாம் "முன்களப் பணியாளர்கள்" என்ற அழகான பெயரை வைத்தோம். ஒருவரை முன்களத்தில் நிறுத்திவிட்டு அவருக்குரிய கவசத்தைக் கொடாமல் விலகி நிற்பது உரியாவுக்குச் செய்ததற்கு எவ்வளவு தூரம்?

2020 செப்டம்பரில், கொரோனாவால் மாண்ட சுகாதாரப் பணியாளர் எத்தனை பேர் என்று நாடாளுமன்றத்தில் கேட்கப்பட்டபோது, அத்தகைய விவரம் மத்திய அளவில் பராமரிக்கப்படவில்லை என்பதே பதிலாயிருந்தது. இந்திய மருத்துவ சங்கம் மனம் நொந்து, மாண்டுபோன 382 மருத்துவர்களின் பட்டியலை வெளியிட்டது. மருத்துவருக்காவது அவர்களுடைய சங்கம் பட்டியல் எழுதிற்று. வார்டைக் கூட்டிப் பெருக்கிய தூய்மைப் பணியாளரின் பெயரை யார் எழுதினார்கள்? பரிசுத்த வேதாகமம் உரியாவின் பெயரையும் விடாமல் எழுதிவைத்திருக்கிறது.

சிலர் என்னிடம், "ஐயா, இவ்வளவு பேசுகிறீர்களே, விசுவாசம் எங்கே? கர்த்தர் காக்கமாட்டாரா?" என்று கேட்பதுண்டு. கர்த்தர் காக்கிறவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நம் ஆண்டவரையும் ஒருவன் ஓர் உயரமான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினான் என்பதை நினைவுகூருங்கள். தேவாலயத்தின் உப்பரிகையில் நிறுத்தி, தூதர் தாங்குவார்கள், குதித்துவிடு என்றான். அதற்கு வேதவசனத்தையும் காட்டினான். இயேசு குதிக்கவில்லை. தேவனைச் சோதிப்பது விசுவாசமல்ல என்று அவனுக்கு உணர்த்தினார். செவிலியரை வெறும் முகத்தோடு வார்டுக்குள் அனுப்பிவிட்டு, கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று சொல்வது யாருடைய குரல் என்பதை நீங்களே நிதானித்துக்கொள்ளுங்கள்.

1527ஆம் ஆண்டில் விட்டன்பர்க் நகரத்தில் கொள்ளைநோய் பரவியபோது மார்ட்டின் லூத்தர் நகரத்தைவிட்டு ஓடாமல் தங்கி நோயாளிகளைக் கவனித்தார். அக்காலத்தில் அவர் எழுதிய கடிதத்தில் இரண்டு காரியங்களையும் சேர்த்தே போதித்தார். அயலானுக்குத் தேவையென்றால் அஞ்சாமல் போகவேண்டும். ஆனால் மருந்தையும் தற்காப்பையும் அசட்டைசெய்து போவது தேவனைச் சோதிப்பதாகும். துணிவும் கவசமும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

அப்படியானால் செய்யவேண்டியது என்ன? யோசேப்பு அதற்கு வழிகாட்டுகிறான். அவன் பஞ்சத்தின் முதலாம் ஆண்டில் களஞ்சியம் கட்டவில்லை. விளைச்சல் மிகுந்த ஏழு ஆண்டுகளில் கட்டினான். நம் முன்னோரும் இதை அறிந்திருந்தார்கள். காரும் பிசானமும் விளையும் நம் தாமிரபரணிப் பாசனத்தில், அறுவடையானவுடன் வைக்கோல் பிரியால் இறுகச் சுற்றி விதைக்கோட்டை கட்டி வைப்பார்கள். வீட்டில் அரிசி குறைந்தாலும் விதைக்கோட்டையை அவிழ்த்துக் குத்தமாட்டார்கள். ஏனெனில் அதைத் தின்றால் அடுத்த பூ இல்லை. மருத்துவமனைக்குச் செவிலியரும் பணியாளரும் விதைநெல். அவர்கள் நோயில் விழுந்தால் அடுத்த நாள் நோயாளியைத் தாங்க ஆளில்லை.

முகக்கவசம் இருப்பில் வைப்பது எளிதல்ல என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பணம் முடங்கும். அதற்குக் காலாவதித் தேதி உண்டு. காய்ச்சல் இல்லாத ஆண்டில், "இது எதற்கு வீண்செலவு?" என்று கணக்குப் பார்க்கிறவர் கேட்பார். கைப்பிடிச்சுவருக்கும் அதே குறை உண்டு. எவரும் விழாத ஆண்டெல்லாம் அது வீண்செலவாகவே தோன்றும். விழாததற்குக் காரணமே அந்தச் சுவர்தான் என்பது கணக்குப் புத்தகத்தில் ஏறாது.

ஆகவே, மருத்துவமனைகளை நடத்தும் பொறுப்பிலுள்ளவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அரசு அதிகாரிகளாயினும், தனியார் நிர்வாகிகளாயினும், திருச்சபையின் மருத்துவப்பணிக் குழுவினராயினும் இது உங்கள் மாடி. காய்ச்சல் பரவாத மாதத்தில் இருப்பை எண்ணிப் பாருங்கள். சில வாரங்களுக்குப் போதுமானதை எப்போதும் வைத்திருங்கள். பழையதை அன்றாடப் பணிக்கு எடுத்துப் புதியதை அடியில் வையுங்கள். நெஞ்சக வார்டில் காசநோயாளிகளின் நடுவே ஆண்டு முழுவதும் நிற்கிறவர்களுக்கு அது நாள்தோறும் தேவை. அங்கே பயன்பட்டால் எதுவும் காலாவதியாகாது. கொடுப்பதோடு நில்லாமல், அவரவர் முகத்துக்குப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். தூய்மைப் பணியாளரையும், ஸ்டிரெச்சர் தள்ளுகிறவரையும், ஆம்புலன்ஸ் ஓட்டுநரையும் அந்தக் கணக்கில் சேருங்கள். நோய் பணிநிலை பார்த்துத் தொற்றுவதில்லை.

சபையாராகிய நமக்கும் பங்கு உண்டு. 1870களிலேயே நாசரேத்தில் மருத்துவமனை கண்ட மண் இது. நம் சேகரங்களில் செவிலியர் இல்லாத தெரு அரிது. நம் பெண்பிள்ளைகள் வேலூரிலும் சென்னையிலும் வளைகுடா நாடுகளிலும் இரவு விழித்திருக்கிறார்கள். பிரதிஷ்டைப் பண்டிகைக்குப் பந்தல் போடுகிறோம்; அசனத்துக்கு அண்டா அண்டாவாகச் சமைக்கிறோம். அவற்றை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் நம் தாய்மார் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைத்து ஊழியத்துக்குக் கொடுத்த கைப்பிடி அரிசிக் காணிக்கையை நீங்கள் அறிவீர்கள். எத்தனையோ ஆலயங்களின் சுவர்கள் அந்த அரிசியால் எழும்பின. ஆண்டுக்கு ஒருமுறை, ஒரு ஞாயிறின் கைப்பிடி அரிசிக் காணிக்கையை அருகிலுள்ள மருத்துவமனையின் பணியாளருக்கு முகக்கவசம் வாங்கக் கொடுக்கலாகாதா? கைப்பிடி அரிசியால் ஒரு கைப்பிடிச்சுவர் எழும்பட்டும்.

இன்னொன்று. அடுத்த முறை காய்ச்சல் செய்தி வரும்போது, மருந்துக்கடைக்கு ஓடி என்95 பெட்டியை வாங்கி அலமாரியில் அடுக்காதீர்கள். கடைக்கும் சந்தைக்கும் போக நமக்குச் சாதாரண முகக்கவசமே பெரும்பாலும் போதும். வீட்டில் நோயாளியைக் கவனிக்கிறவரும், நோய் எதிர்ப்புத் திறன் குறைந்தவரும் மருத்துவரிடம் கேட்டு அதன்படி செய்யட்டும். மற்றவர்கள் விட்டுக்கொடுப்பது வார்டில் நிற்கிற ஒருவருக்குப் போய்ச் சேரட்டும். இதை உங்களுக்குப் போதிக்கும் தகுதி எனக்கு இல்லை. அலமாரியில் இருபது வைத்திருந்தவன் என்ற வெட்கத்தோடு சாட்சியாக மட்டும் சொல்லுகிறேன்.

அந்தச் செவிலியர் இன்றும் பணியில் இருக்கிறார். ஞாயிறு ஆராதனை முடிந்து கைகுலுக்கும்போது, "இந்த வாரம் இரவு டியூட்டி, ஐயா, ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்பார். இப்போதெல்லாம் ஜெபிப்பதற்கு முன் அவரிடம் ஒரு கேள்வி கேட்கிறேன்: "அம்மா, மாஸ்க் இருக்கிறதா?" நீங்களும் உங்கள் சபையிலுள்ள செவிலியரிடம் வருகிற ஞாயிறு இதைக் கேட்டுப் பாருங்கள்.

ஜெபம்: எங்களைக் காக்கிற பிதாவே, எங்கள் நோய்ப்படுக்கையின் அருகே வந்து நிற்கிறவர்களுக்காக உம்மைத் துதிக்கிறோம். அவர்களை உயரத்தில் ஏற்றிவிட்டுச் சுவர் எழுப்ப மறந்த எங்கள் அசட்டையை மன்னியும். புகழ்ச்சியை மட்டும் கொடுத்து, கொடுக்கவேண்டியதைப் பிடித்துவைத்த எங்கள் கைகளைத் திறந்தருளும். எவரும் எழுதாத பெயர்களையும் நீர் அறிந்திருக்கிறீர். அவர்களுடைய குடும்பங்களை ஆற்றித் தேற்றும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.